ஒரு வெள்ளை விளக்குக்கு மூன்று மாத அலைச்சல்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் கம்ப்யூட்டர் மதர்போர்டோடு வரும், விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் வேலை செய்யாதது, சர்வீஸ் சென்டரில் எனக்கு நடந்தது

ஐயா / அம்மா,

இது நான் உங்களுக்கு அனுப்பும் ஐந்தாவது மெயில். முதல் நான்குக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான். இனி எழுதவே வேண்டாம் என்று விட்டிருந்தேன். நேற்று ராத்திரி ஒரு மணிக்கு ஆல்பம் திருத்திக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரின் ரேமில் இருக்கும் விளக்கு மறுபடியும் பச்சை, நீலம், சிவப்பு என்று ஆட ஆரம்பித்துவிட்டது.

செங்கல்பட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் திருவிழாப் பந்தல் மாதிரி எரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. வேகமான ரேமும் கிராஃபிக்ஸ் கார்டும் கேட்டால், விளக்கு இல்லாத சாமான் ஸ்டாக்கே இல்லை என்றார்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். சரி, எல்லாவற்றையும் மங்கலான வெள்ளையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கடைக்காரர் உங்கள் போர்டுப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். எல்லா விளக்கும் ஒரே மென்பொருளில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதற்காகவே 4,000 ரூபாய் கூடக் கொடுத்து டிசம்பரில் வாங்கினேன். பில் இணைத்திருக்கிறேன். எந்த போர்டு, அதில் என்ன வரும், என்ன வராது என்பதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

ரேம் ஒரு கம்பெனி, கார்டு ஒரு கம்பெனி, ஃபேன் ஒரு கம்பெனி. ஃபேன் உங்கள் போர்டில் செருகியிருந்ததால் சொன்னபடி கேட்டது. கார்டு உங்கள் மென்பொருளில் தெரிவதே இல்லை. ரேம் ஒருநாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும். ரேம் கம்பெனியின் மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் போர்டுக்குள் இருக்கும் எஸ்எம்பஸ் என்ற ஒரே கம்பி வழியில் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பி அடித்துக்கொள்கின்றனவாம், அக்கா பையன் சொன்னான். ஒரு ஸ்டிக் வெள்ளை, பக்கத்து ஸ்டிக் வானவில்!

விளக்குதானே என்று நினைக்காதீர்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் கண் ஏமாந்துவிடும். ஒரு மணப்பெண்ணின் முகத்தை மஞ்சள் அடிக்கிறது என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போய், அச்சில் சாம்பல் பூத்துப் போனது. ஆல்பத்தை என் காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். தை, மாசி இரண்டு மாத முகூர்த்தமும் எனக்கு உங்களால்தான் போயிற்று.

உங்கள் ஹெல்ப்லைனில் முதலில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ளே போகும் பயாஸ் செட்டிங்கில் விளக்கை அணைக்கச் சொன்னார். போர்டின் விளக்கு மட்டும் அணைந்தது. அடுத்தவர் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் விளக்குகளுக்கென்றே இருக்கும் டைனமிக் லைட்டிங்கைப் போடச் சொன்னார். அதில் என் கீபோர்டு மட்டும் வந்தது. மூன்றாவதாக ஒரு பையன். "சார், கண்ட கம்பெனி சாமானையும் வாங்கிட்டு எங்களைக் கேட்டா எப்படி? லைட்டு புடிக்கலைன்னா கறுப்பு டேப் ஒட்டிக்கோங்க" என்றான். 18,500 ரூபாய் போர்டுக்கு டேப்! என் வயதில் பாதி இருக்குமா அவனுக்கு? அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு கேபினெட்டையே தூக்கி வரச் சொன்னதும் உங்கள் ஆள்தான். காலை எலெக்ட்ரிக் டிரெயினில், கூட்டத்தில், குழந்தையைப் பிடிப்பது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்தபின், "இது சாப்ட்வேர் பிரச்சனை, இங்க ஹார்டுவேர் மட்டும்தான்" என்றார்கள். இதைப் போனிலேயே சொல்ல வாய் வராதா? சும்மாவும் அனுப்பவில்லை. அங்கிருந்தவர் ஃபேன் விளக்கின் 5 வோல்ட் மூன்று பின் வயரைக் கழற்றி, 12 வோல்ட் நான்கு பின்னில் சொருகிப் பார்த்தார். அப்படிச் செய்யக் கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து அந்த ஃபேனின் விளக்கு எரியவில்லை. ஒருவகையில் நான் கேட்டதைச் செய்து கொடுத்தது அவர் ஒருவர்தான்.

போன வாரம் அக்கா பையன் ஓபன்ஆர்ஜிபி என்று, எல்லா கம்பெனி விளக்கையும் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஒன்றைப் போட்டான். இலவசம். பத்து நிமிடத்தில் ரேமும் கார்டும் வெள்ளையாகிவிட்டன. உங்கள் போர்டு மட்டும் அதில் வரவில்லை. உங்கள் மென்பொருளோ பின்னணியில் தானாகவே எழுந்து ரேமைத் திரும்பவும் ஆட வைக்கிறது. நேற்று நடந்தது அதுதான். அன்இன்ஸ்டால் செய்தாலும் அப்டேட்டோடு திரும்பி வருகிறது. நீங்களாகவும் செய்ய மாட்டீர்கள், செய்கிறவனையும் விட மாட்டீர்களா?

என் வேண்டுகோள் பெரியதல்ல. பெட்டியில் போட்டபடி எல்லாம் ஒரே மென்பொருளில் வரும்படி செய்து கொடுங்கள். முடியாதென்றால் போர்டை எடுத்துக்கொண்டு பணத்தையும் ஃபேனுக்கான விலையையும் தாருங்கள். பதினைந்து நாள் பார்ப்பேன். அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: போன் செய்வதானால் மாலை நான்கு மணிக்கு மேல். அந்த டேப் பையனை விட்டுப் பேச வைக்க வேண்டாம்.