நிழலையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர வெப்பம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன், விஷயத்தைக் கையில் எடுத்ததற்கு நன்றி. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரிகிற இடத்தில்தான் மக்கள் அதிகம் தவிக்கிறார்கள் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலிருந்து பார்த்தால் தெரிவது மொட்டை மாடியும் மர உச்சியும் தார்ச்சாலையும்தான். அவற்றின் மேற்பரப்புச் சூடு வேறு, அந்தச் சாலையில் நடக்கிறவர் உடம்பு வாங்குகிற சூடு வேறு.

சரி, வானிலை நிலையம் சொல்கிற வெப்பநிலையை எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் போதாது. நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அளக்கிற எண் அது. காற்றின் சூட்டை அப்படித்தான் அளக்க வேண்டும், அதில் தப்பே இல்லை. நண்பகலில் பஸ்ஸுக்காக நிற்கிறவர் பெட்டிக்குள்ளா நிற்கிறார்? தலைக்கு மேல் வெயில், காலடியில் கொதிக்கிற தார், பக்கத்தில் அனல் வீசும் சுவர் என்று எல்லாப் பக்கமிருந்தும் அவர் மேல் கதிர்வீச்சு விழுகிறது. இதை மொத்தமாகச் சேர்த்துச் சொல்வதுதான் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை. மரநிழலுக்குள் ஒதுங்கினால் காற்றின் சூடு பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும், இந்த எண்ணோ 20, 30 டிகிரி வரைகூட இறங்கும். நிழலுக்கு வந்ததும் 'அப்பாடா' என்று இருக்கிறதே, அது இதனால்தான்.

இதைக் கவனிக்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நல்ல உதாரணம். அங்கே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர்நிறப் பூச்சு பூசிய தெருக்களில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். சாலையின் மேற்பரப்பு 6 டிகிரி வரை குளிர்ந்திருந்தது, ஆனால் நண்பகலில் அங்கே நிற்கிறவருக்கான கதிர்வீச்சு வெப்பநிலை சுமார் 4 டிகிரி கூடியிருந்தது. தரை திருப்பி அனுப்பிய வெயில் ஆள் மேல் பட்டிருக்கிறது! செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்திருந்தால் அதைப் பெரிய வெற்றி என்று எழுதியிருப்போம். (பூச்சே வீண் என்று நான் சொல்லவில்லை, பகலில் குறைவாகச் சூடேறிய தரை இரவில் விடும் அனலும் குறைவுதான்.)

கட்டட உயரம், மரங்களின் இடம், சூரியன் நிற்கும் கோணம் இவற்றைக் கொடுத்தால் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு வெக்கை என்று கணக்கிடும் என்வி-மெட், சோல்வெய்க் போன்ற கணினி மாதிரிகள் பல வருஷமாகவே இருக்கின்றன. காற்று, ஈரப்பதம், கதிர்வீச்சு எல்லாம் சேர்த்து உடம்பு உணர்வதை ஒரே எண்ணில் சொல்லும் யுடிசிஐ குறியீடும் உண்டு, அது 32 டிகிரியைத் தாண்டினால் கடும் வெப்ப அழுத்தம், 46-ஐத் தாண்டினால் உச்சக்கட்டம். மாதிரி சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், தெருவில் கருவியோடு போய் அளந்து சரிபார்ப்பதும் அவசியம்.

சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டு, நடப்பவர் உயரத்தில் பிற்பகல் 2 மணிக்கு என்ன ஆகும் என்று நகராட்சிகள் வெளியிட வேண்டும். நீங்களும் அடுத்த முறை அந்தச் சிவப்புப் படத்தைப் போடும்போது, பக்கத்திலேயே நிழல் வரைபடம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் நடந்தே வேலைக்குப் போகும் ஒரு வாசகர்