இல்லாத காலும் நோகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உணர்வு பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். உடம்பு அனுப்பும் செய்திகளை மூளை வாங்கிப் படிப்பதுதான் உணர்வு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அப்படியென்றால் என் அத்தானின் வலது கால் பேசாமல் கிடக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே அது மிதிவெடியில் போய் எத்தனையோ வருடம். மாரி தொடங்கினால் பெருவிரல் மடங்கி இறுகிக்கிடக்கிறது, நிமிர்த்த ஏலாமல் இருக்கிறது என்று நடுச்சாமத்தில் எழும்பி இருப்பார். "இல்லாத கால் எப்பிடி ஐயா நோகும்?" என்று ஒரு வைத்தியர் கேட்டு அனுப்பிவிட்டார். அதோடு மனுசன் வீட்டிலும் வாய் திறப்பதில்லை. விசர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த வைர் மிச்செல் என்ற மருத்துவர் இல்லாத உறுப்பு இருப்பதாக உணரும் இந்த நிலைக்கு 1871இலேயே 'மாய உறுப்பு' (phantom limb) என்று பெயர் வைத்துவிட்டார். மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று உண்டு. கால் போனாலும் அதில் காலுக்குரிய இடம் அழிவதில்லை. கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் போன விரல்களில் தொடுவதுபோல இருக்கும் என்பதை, சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் காட்டினார். அந்த வரைபடத்தில் கையும் முகமும் பக்கத்து வளவுகள். அதற்காக மூளை மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். வெட்டுண்ட நரம்பு நுனிகள் தாமாகவே துடிக்கும். குளிரும், பொருந்தாத செயற்கைக் காலின் உரசலும் அதைக் கிளறிவிடும். அந்தத் துடிப்பு ஏன் நோவாக உணரப்பட வேண்டும்? தத்துவகாரர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று சொன்னது இதைத்தான். அதைத் தத்துவகாரர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு உதவியது ராமச்சந்திரனின் கண்ணாடி வைத்தியம். இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் நல்ல காலைப் பார்த்தபடி இரண்டு பக்க விரல்களையும் விரிக்க முயல வேண்டும். போன விரலும் விரிவதாகக் கண் சொல்ல, மூளை நம்பிவிடுகிறது. 2007இல் அமெரிக்காவில் கால் இழந்த படைவீரரிடம் செய்த சிறிய ஆய்வொன்றில் நோ குறைந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை; இயன்மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அத்தானுக்காக அலுமாரிக் கதவைக் கழற்றிவிட்டோம், இப்போது அக்காவுக்குச் சேலை கட்டக் கண்ணாடி இல்லை. சில நாள் விரல் விரிகிறதாம், சில நாள் இல்லையாம்.

வடக்கில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இயன்மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதுவியுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
சுன்னாகம்.