பாப்பாவின் வீணைக்கு எந்த மரக்கட்டை?

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாப்பா வீணை கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று நீ சொன்னதில் இருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் அப்படித்தான். பேத்தியின் வீணையை நம் பட்டறையில் நானே செய்கிறேன்.

ஏகாண்டமா, ஒட்டா, ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று மாப்பிள்ளை கேட்டாராம். ஏகாண்டம் என்றால் உருண்டையான குடமும், அதிலிருந்து நீளுகிற தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. ஒட்டு வீணையில் இரண்டையும் தனித்தனியாகச் செய்து கழுத்தில் சேர்ப்போம். ஏகாண்டத்துக்குக் குடத்தின் அகலம் கொள்ளுகிற பருமனில், சுமார் நாலடி நீளத்துக்கு வெடிப்பும் கணுவும் இல்லாத கட்டை வேண்டும். தண்டிப் பக்கம் ஒல்லியாகப் போவதால் அங்கே மரத்தில் பெரும்பங்கு சீவலாகக் கீழே விழும். பண்ருட்டிப் பக்கத்து முதிர்ந்த பலாவில்கூட அப்படி ஒன்று அமைவது அபூர்வம். விலை அதனால்தான்.

நாதத்துக்காக ஏகாண்டம் வாங்கு என்று பலரும் சொல்வார்கள். நான் அதை முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். குடத்தின் வாயை மூடுகிற மேல்பலகையும், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் பதிக்கிற தகட்டை ராவிச் சரிசெய்கிற கையும் நாதத்தை எவ்வளவோ மாற்றிவிடும். ஏகாண்டத்திலும் மேல்பலகை தனியாக வைத்து ஒட்டுவதுதான்.

ஆனாலும் உனக்கு ஏகாண்டம்தான் என்கிறேன், உங்கள் ஊர்க் குளிருக்காக. மினியாபொலிஸில் மாதக்கணக்கில் ஹீட்டர் ஓடும், வீட்டுக் காற்று வறண்டுபோகும். மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். குடம் ஒரு மரம், தண்டி வேறொரு மரம் என்றால் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்காது. ஏழு தந்தியின் இழுப்பையும் தாங்குவது அந்தக் கழுத்து ஒட்டு. அது கொஞ்சம் விட்டாலும் தண்டி முன்னால் வளையும், தண்டிமேல் வரிசையாக இருக்கும் மெட்டுகளை விட்டுத் தந்தி உயரும், அழுத்தி அழுத்திப் பாப்பாவின் விரல் நோகும், சுருதியும் நிற்காது. தஞ்சாவூரில் என்றால் மறுநாளே பட்டறைக்குத் தூக்கி வந்துவிடலாம். அங்கே யாரிடம் கொண்டுபோவாய்?

நல்ல கட்டை அமையாவிட்டால் பெயருக்காக ஏகாண்டம் செய்ய மாட்டேன். அரைகுறையாகக் காய்ந்த பெரிய கட்டையைக் குடைந்தால் குடமே வெடிக்கும், அதைவிட ஒட்டு எவ்வளவோ மேல். அப்போது ஒரே மரத்தில் இருந்து இரண்டு துண்டு எடுத்து, மர ரேகை ஒரே பக்கமாக ஓடும்படி சேர்த்துத் தருகிறேன். வெள்ளைப் பகுதி ஒரு விரல்கூட இருக்காது, முழுக்க மஞ்சள் வைரம்தான்.

உன் தோழியும் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாயே, அவளிடம் இதைச் சொல்லிவை. ஏகாண்டம் என்று யார் காட்டினாலும் வீணையைக் குப்புறத் திருப்பி, குடம் தண்டியோடு சேர்கிற இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மர ரேகை குடத்தில் இருந்து தண்டிக்குள் அறுபடாமல் ஓட வேண்டும். அந்த இடத்தில் சுற்றிலும் பூவேலைப் பட்டையோ கெட்டியான பெயிண்டோ இருந்தால், அது எதற்கு, ஒட்டு தெரியாமல் மறைக்கவா என்று கேட்கச் சொல். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம், வீணையை ஹீட்டர் பக்கமோ வெளிச்சுவர் ஓரமோ வைக்காதே. அந்த அறையில் ஈரப்பதம் 40-50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள். ஈரப்பதத்தைக் காட்டுகிற சின்ன மீட்டர் அங்கேயே கிடைக்கும், இப்போதே ஒன்று வாங்கி வைத்து, வீட்டில் எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுது.

கட்டையில் உளி வைக்கும் முன் ஒரு அளவு வேண்டும். பாப்பாவைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, தோளில் இருந்து நடுவிரல் நுனி வரை அளந்து அனுப்பு. தண்டியின் நீளத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
அப்பா