பாப்பாவின் கழுத்துக் கருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

பாப்பாவின் பின்கழுத்தில் பயத்தமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறீர்களாமே, நிறுத்திவிடுங்கள். அது அழுக்கு இல்லை. எடை கூடிய பிள்ளைகளுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதனால்தான் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கருக்கிறது. தேய்த்தால் புண்தான் ஆகும். சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் வர வழி இருக்கிறது. குழந்தை டாக்டரிடம் காட்டி சர்க்கரை, கொழுப்பு, ஈரல் மூன்றையும் பார்த்துவிடு. உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதை மறக்காமல் சொல். 'வளர்ற பிள்ளை, தானா வத்திடும்' என்று விடாதே. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்தத் தொல்லை வருகிறது. பெரியவர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண், 25-ஐத் தொட்டால் அதிக எடை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போடுகிறது. நம் நாட்டுக் குழந்தை டாக்டர்கள் சங்கத்தின் 2015 அட்டவணையோ, பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் 23-க்குச் சமமான அளவிலேயே அதிக எடை என்கிறது.

சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று மருமகள் நினைக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் நாளைப் பாரேன். ஸ்கூல், உடனே டியூஷன், ஒன்பதரைக்கு போனைப் பார்த்துக்கொண்டே சாப்பாடு, பதினொன்றரைக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் குறையும். ராத்திரியில் அவள் சிப்ஸ் தேடுவது தீனிப் பைத்தியத்தால் இல்லை. முதலில் அந்த ராத்திரி டியூஷனை நிறுத்து. மார்க் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

இன்னொன்று, சொன்னால் உனக்குக் கோபம் வரும். சடங்கு சுற்றினதோடு சைக்கிளை ஏன் மூலையில் வைத்தீர்கள்? தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டிய வயசு. பி.டி. பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாராம். பெரியவளாகிவிட்டால் ஓடக் கூடாதென்று யார் சொன்னது?

சாப்பாட்டில் அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சமையல், காயும் சுண்டலும் கொஞ்சம் கூட இருக்கட்டும். கோலாவும் டப்பா ஜூஸும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏழெட்டு ஸ்பூன்! நீ குடித்துக்கொண்டு அவளைத் தடுக்காதே. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்தப் பண்டமெல்லாம் விற்கக் கூடாதென்று 2020-லேயே விதி போட்டார்கள். வேன் நிற்கிற இடத்திலேயே கடை இருக்கிறதாமே, அடுத்த மீட்டிங்கில் கேள்.

அப்புறம், கல்யாண வீட்டில் உன் அத்தை அவளைக் 'குண்டு பூசணி' என்றால் சிரித்துக்கொண்டு நிற்காதே. அங்கேயே தடுத்துப் பேசு.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவும் பார்க்கவேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
அம்மா