தவணை அறிக்கையும் வீட்டில் சொல்லும் முதல் வார்த்தையும்

கொழும்பு 06

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். தரம் 10, 11 பிள்ளைகளின் தவணை அறிக்கை வரும் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும். திருத்திய கணித விடைத்தாளையும் கூடவே அனுப்புகிறோம். தயவுசெய்து விடைத்தாளை முதலில் பாருங்கள். பல வீடுகளில் அது புத்தகப்பையை விட்டு வெளியே வருவதே இல்லை.

புள்ளி குறைந்தால் நம் வாயில் முதலில் வருவது "உனக்குக் கணக்கே வராது" என்பதுதான். தோல்விக்குச் சொல்லும் காரணத்தை மூன்று விதமாக உரசிப் பார்க்கலாம் என்கிறார் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன்: அது என்றைக்கும் உள்ளதா, எல்லாவற்றையும் தொடுவதா, முழுக்க என் பிழையா. மேலே சொன்ன வசனம் மூன்றுக்கும் "ஓம்" என்கிறது. "இந்த முறை மடக்கைக் கணக்கில் விட்டுவிட்டாய்" என்றால் புள்ளி கூடப்போவதில்லை. ஆனால் திருத்த ஓர் இடம் கிடைக்கிறது.

"பயப்படாதே, அடுத்த முறை ஏ தான்" என்று தட்டிக்கொடுப்பதும் போதாது. உளவியலாளர் காப்ரியேல ஓட்டிங்கன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேலை கிடைக்கும் என எதிர்பார்த்த பட்டதாரிகள் நன்றாகச் செய்தார்கள். கிடைத்துவிட்டதாக இனிய கற்பனையில் இருந்தவர்களுக்கு வாய்ப்புகள் குறைந்தன. கற்பனையிலேயே வெற்றியை அனுபவித்துவிட்டால் உழைக்கும் வேகம் தணிந்துவிடுகிறது.

ஆகவே சனிக்கிழமை அரை மணித்தியாலம், மூன்று நிறப் பேனை. தெரியாமல் விட்டதற்குச் சிவப்பு, தெரிந்தும் பிழைத்ததற்கு நீலம், நேரம் போதாததற்குப் பச்சை. நிறத்தைப் பிள்ளையே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். சாதாரண தரப் பரீட்சை அமைப்பில் கணித முதல் வினாத்தாளின் 'அ' பகுதியில் 25 வினாக்கள், தலா 2 புள்ளி. அதில் ஐந்து நீலம் என்றால் 10 புள்ளி. அதற்குப் புதிதாக ஒரு பாடமும் படிக்கத் தேவையில்லை. நீலத்தில் அடிக்கடி காண்பது −2(அ − 3) என்பதை −2அ − 6 என்று விரிப்பது. சரியான விடை −2அ + 6. இத்தகைய கணக்குப் பத்தை ஒரே இருப்பில் செய்து, ஒவ்வொன்றிலும் குறியை மட்டும் வட்டமிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை அதிகமென்றால் பிள்ளை ஏதோ ஒரு வினாவில் சிக்கி நின்றிருக்கும். 'அ' பகுதியில் மூன்று நிமிடத்துக்குள் வராததைத் தாண்டிப் போகப் பழக வேண்டும்.

சிவப்பில் இரண்டு அலகு மட்டும் எடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது. ஞாயிறு இரவு "தினமும் நான்கு மணித்தியாலம்" என்று அட்டவணை போடுவார்கள், செவ்வாய்க்கிழமை அது கிழிந்துவிடும். ரியூஷன் முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று, எட்டு மணிக்கு வீடு வரும் பிள்ளைக்கு அது நடக்காத காரியம். ஆனால் பிள்ளை அட்டவணையைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் சொல்கிறது. நாளுக்கு 25 நிமிடம் இரண்டு முறை போதும். தடங்கலையும் முன்கூட்டியே எழுதுங்கள்: "சாப்பிட்டு எழும்பியதும் கொப்பியைத் திறப்பேன், தொலைபேசி அம்மாவிடம் இருக்கும். பஸ் பிந்தினால் அன்றைக்கு ஒரே ஒரு காரணிப்படுத்தல் கணக்கு." இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதியவர்கள் சொன்னதைச் செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீற்றர் கோல்விற்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒன்று மட்டும் வேறு. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விளையாட்டும் வேண்டாம் என்றால் நிறப் பேனையை ஒதுக்கிவிட்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது நிறமிட்ட விடைத்தாளைக் கொண்டுவாருங்கள். அறிக்கையின் பிரதி எங்களிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
அதிபர்