செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: விண்கல் பிரிவும் காந்தங்களும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், தொலைநோக்கி இரவுகள், நூலகம் பற்றிய விவரம் இணைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச எடுத்துக்கொண்டது விண்கல் பிரிவின் ஒரு விதிமாற்றம்: இனி நம் வானியல் மன்றத்தின் பெயரில் யாரும் சந்தேகக் கல்லில் வலிமையான காந்தத்தை ஒட்டிப் பார்க்கக் கூடாது. தூசியில் மட்டும் அது தாராளமாகப் புழங்கலாம்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கஞ்சமலை அடிவாரத்தில் குனிந்து எடுக்கும் கறுத்த கல் காந்தத்தில் ‘டக்’கென்று ஒட்டும். அது மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது கலந்த பாறை, விண்கல் அல்ல. பழைய இரும்பு உருக்கிய இடங்களில் கிடக்கும் கிட்டமும் (உருக்கியபின் மிஞ்சும் கழிவுக் கட்டி) பலநேரம் ஒட்டும். இனி மறுபக்கம் பாருங்கள். சாதாரணக் கல் விண்கற்களை இரும்பின் அளவைப் பொறுத்து எச், எல், எல்எல் என்று பிரிக்கிறார்கள்; எல்எல்தான் மிகக் குறைவு. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த 110 கிலோ விண்கல் எல்எல்6 வகை. 1857 பிப்ரவரியில் விழுந்து பார்நல்லி என்ற பெயரில் பதிவான 77.6 கிலோ கல்லும் எல்எல் வகைதான். எச் வகைக் கற்களில் இரும்பு-நிக்கல் உலோகம் சுமார் 15 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். எல் வகையில் 4 முதல் 9 வரை. எல்எல் வகையில் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களில் உலோகம் ஏறக்குறைய இல்லை. ஆக, ‘ஒட்டினால் விண்கல்’ என்று நம்பி இறங்குகிறவர் நம் பக்கத்தில் கஞ்சமலைக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சூளகிரிக் கல்லைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவார்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சில விண்கற்கள் தாங்கள் பிறந்த காலத்துக் காந்தப்புலத்தின் தடத்தைச் சுமந்து வருகின்றன. நியோடிமியம் என்ற வலிமையான காந்தம் பக்கத்தில் வந்தாலே அந்தத் தடம் அழிந்து நம் காந்தத்தின் தடம் அதன்மேல் ஏறிவிடும். வடமேற்கு ஆப்பிரிக்கா 7034 என்ற செவ்வாய்க் கல்லோடு ஒன்றாக விழுந்த ஜோடித் துண்டுகளில் இப்படி நடந்திருப்பதை வெர்வெலிடோ, வைஸ், லக்ருவா ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2023இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒரு விநாடி ஆர்வத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுப் பதிவைப் பலி கொடுப்பது நியாயமில்லை.

ஆகவே கல் கையில் கிடைத்தால் வரிசை இதுதான். முதலில் கண்: எரிந்து படிந்த கறுப்புத் தோல் இருக்கிறதா, உடைந்த முகத்தில் குமிழித் துளைகள் இருக்கின்றனவா. துளை நிறைந்திருந்தால் பெரும்பாலும் கிட்டம். அடுத்து கை: அளவுக்கு மீறிக் கனக்கிறதா. பிறகு பளபளப்புப் பூசாத டைல்ஸின் பின்புறத்தில் ஒரு கீறல். செங்கல் நிறக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இரும்புத் தாது, கறுஞ்சாம்பல் கோடு விழுந்தால் மேக்னடைட்; விண்கல் பொதுவாகக் கோடே போடாது, போட்டாலும் மங்கலாகத்தான். இதற்குப் பின் சாதாரணத் திசைகாட்டி. கல்லை மெல்லத் திருப்பித் திருப்பி முள்ளின் பக்கம் கொண்டுபோக வேண்டும். கல்லின் ஒரு முகம் முள்ளின் வடமுனையை இழுத்து இன்னொரு முகம் அதையே தள்ளினால், கல்லே காந்தமாகியிருக்கிறது: இயற்கைக் காந்தக்கல்லாக இருக்கலாம், அல்லது உங்களுக்கு முன்பே யாரோ காந்தம் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கும் மேல் காந்தம் வேண்டும் என்றால், கல்லிலிருந்து தானாக உதிர்ந்த சில்லில் மட்டும். காந்தத்தைக் கையில் பிடிக்காமல் தொங்கவிட வேண்டும். 8 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள என்35 (நியோடிமியம் காந்தத்தின் தர எண்) வட்டு ஒன்றைத் தையல் நூலில் செல்லோடேப்பால் ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு மரச்சட்டத்தில் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வட்டு ஆடி அடங்கிய பிறகு சில்லை மூங்கில் குச்சியின் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். மேக்னடைட் சில்லென்றால் வட்டு பாய்ந்து ஒட்டும். உலோகம் குறைந்த சில்லென்றால் நூல் ஒரு நூலிழை சாயும், அவ்வளவே. வட்டுக்குப் பின்னால் கோடு போட்ட அட்டை இருந்தால்தான் அந்தச் சாய்வு கண்ணில் படும். கை நடுக்கத்தையே சாய்வு என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. கல் அசலாகத் தோன்றினால் இந்தச் சோதனையையும் விட்டுவிட்டு, காகிதத்தில் சுற்றி, இடத்தையும் நேரத்தையும் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குத் தகவல் சொல்வதே நம் கடமை.

மெட்டல் டிடெக்டர் பற்றிச் சுருக்கமாக. டிடெக்டரின் சுருளுக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்திருப்பவர்கள் பொய்ச் சத்தம் வருகிறது என்று கருவியைக் குறை சொல்கிறார்கள். காந்தமும் அதன் நிக்கல் பூச்சும் உலோகம்தானே, சுருள் அதையும் பிடிக்கும். ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸுக்கும் இது பொருந்தும். தோண்டிய மண்ணில் ஆணி, கம்பித் துண்டு கழிக்கக் காந்தம் நல்ல உதவி. ஆனால் டிடெக்டரை ஓரமாகச் சாய்த்து வைத்த பிறகு. சட்டமும் நினைவில் இருக்கட்டும்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டக் கூடாது. கிட்டக் குவியல்களும் தொல்லியல் சான்றுதான்; அங்கிருந்து ‘மாதிரி’ அள்ளிவரும் பழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டோம்.

இனி தூசி. மொட்டைமாடிகளில் படியும் நுண்விண்கற்களை, அதாவது விண்வெளியிலிருந்து விழும் தூசித் துகள்களைத் தேடுவதற்கு வழி திறந்தது நார்வேக்காரர் யோன் லார்சனும் பிரிட்டன் ஆய்வாளர் மேத்யூ கெஞ்சும் மற்றவர்களோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு. ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரை வடிகால்களில் எடுத்த 300 கிலோ படிவிலிருந்து 500 துகள்கள் தேறின. பெரும்பாலானவை 0.3 மில்லிமீட்டர் அளவு. நமக்கு வாய்ப்பு இன்னும் வசதி: தமிழ்நாட்டு வீடுகளில் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் அதற்கு முன்னால் வடிகட்டியும் இருக்கின்றன. மாடியின் வடிகால் வாயிலும் வடிகட்டியின் அடியிலும் தேங்கும் கறுப்பு மண்தான் நம் சுரங்கம். மாடியில் கிரில் வெல்டிங் நடந்த வீட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் பொறி குளிர்ந்தால் கச்சிதமான உருண்டையாகிவிடும், அதில் மூழ்கினால் கரையேற முடியாது. தீபாவளி கழிந்த மாடியும் அப்படியே.

அரை வாளி மண்ணில் ஒரு கரண்டி டிடெர்ஜென்ட் போட்டு நீர் ஊற்றிக் கலக்குங்கள். 15 எண்ணிவிட்டுக் கலங்கல் நீரைச் சாய்த்துவிடுங்கள். நாம் தேடும் துகள் கனமானது, அதற்குள் அடியில் போய்விடும். நிமிடக் கணக்கில் காத்திருந்தால் சேறும் கூடவே படிந்து வேலை இரட்டிக்கும். நான்கைந்து முறை செய்தால் நீர் தெளியும். பிளாஸ்டிக் தட்டில் வெயிலில் உலர்த்துங்கள். துருப்பிடித்த தகரத்தில் வேண்டாம். உலர்ந்ததை 425 மைக்ரான் சல்லடையிலும் பிறகு 150 மைக்ரானிலும் சலித்து, நடுவில் தங்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துதான் காந்தம். 25 மில்லிமீட்டர் நியோடிமியம் வட்டைப் புதிய ஸிப்லாக் கவருக்குள் போட்டு, காற்றில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். மண்ணை வெள்ளைத் தாளில் ஒற்றைப் பரலாகப் பரப்பி, ஒரு விரல் அகலம் மேலே காந்தத்தை நகர்த்துங்கள். மண்ணில் தொட்டு உரசினால் காந்தமில்லாத மண்ணும் கொத்தோடு சேர்ந்து வரும். வந்ததை இன்னொரு தாளுக்கு மேலே கொண்டுபோய்க் காந்தத்தைக் கவரிலிருந்து உருவுங்கள். துகள் தானாகக் கொட்டும். கொட்டியதை மறுபடி எடுத்துக் கொட்டுங்கள். மூன்று முறையில் கொத்துகள் கலைந்து தூய்மையாகும். ஒவ்வொரு வீட்டு மண்ணுக்கும் புதிய கவர், இல்லாவிட்டால் ஒரு மாடியின் தூசி மற்றொரு மாடியின் பெயரில் ஏறிவிடும். கவரில்லாமல் வெறும் காந்தத்தை மண்ணில் வைத்தால் முடிந்தது கதை. செல்லோடேப்பால் ஒற்றி ஒற்றித்தான் தூளை எடுக்க வேண்டும், அதற்குள் ஒரு மாலை போய்விடும். மிச்ச மண்ணையும் வீசாதீர்கள்: கண்ணாடித்தன்மை அதிகமான துகள்கள் காந்தத்துக்கு மசிவதில்லை.

தாளை லேசாகச் சாய்த்துத் தட்டினால் உருண்டைகள் முந்தி ஓடும். அவற்றை 40 மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள். வழவழப்பாகக் கண்ணாடிபோல் பளபளப்பது பெரும்பாலும் வெல்டிங்; மேற்பரப்பில் இறகுக்கோடு அல்லது கம்பி வரிசை போன்ற கோலம் இருந்தால் தனிக் குப்பியில் போடுங்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து வேதி உள்ளடக்கம் தெரியும்வரை எதையும் நுண்விண்கல் என்று பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது குழுவின் முடிவு.

வாங்குவது பற்றி. என்35, என்42, என்52 என்ற எண்கள் சேமித்திருக்கும் ஆற்றலின் அளவு. என்52க்கு என்35ஐவிட ஒன்றரை மடங்குதான் இழுப்பு, விலையோ அதைவிடக் கூடும். பெரிய என்35 வட்டே நம் வேலைக்கு லாபம். பட்டியலில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு தடித்த வழவழப்பான இரும்புத் தகட்டில் நேராக இழுத்துப் பார்த்தது. இரும்புக் கிண்ணத்தில் பொதிந்த காந்தம் தொட்ட இடத்தில் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் ஒரு விரல் தள்ளி எட்டாது. தூசி எடுக்க வெறும் வட்டுதான் சரி. சாதா என் வகை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வலு இழக்கும், மெல்லிய வட்டு இன்னும் முன்பே. சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடி அடியில் வைக்காதீர்கள். துளையிடவோ அறுக்கவோ முயல வேண்டாம்: உடையும், தூள் தீப்பிடிக்கும். குச்சியில் பொருத்த, துளையுள்ள வட்டாக வாங்கிப் பித்தளைத் திருகால் மிதமாக முடுக்குங்கள். அழுத்தி முடுக்கினால் விரிசல்தான்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்துள்ள உறுப்பினர்கள் காந்தப் பெட்டியிலிருந்து தள்ளியே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் வரும் கூட்டங்களில் சிறு வட்டுகளை மேசையில் வைக்கக் கூடாது. இரண்டை விழுங்கினால் குடல் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று பிடித்துத் துளைபோட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் எந்தத் தளர்வும் கிடையாது.

பொதுக்குழு முன் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, இரண்டாவது ஜோடி 425, 150 மைக்ரான் சல்லடை; ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு, கல் காந்தத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதைக் கல்லைக் கெடுக்காமல் அளக்கும் காந்த ஏற்புத்திறன் மானி. இதன் விலை நம் கையிருப்பைத் தாண்டும் என்பதால், அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறையிடம் மாதம் ஒரு நாள் இரவல் கேட்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. விலைப்புள்ளிகள் மேசையில் உள்ளன, வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

— செயலாளர்