குளிர் கடல்களோடு ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது அறிவியல் வாசிப்பு வட்டம் செய்தவற்றை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கடலில் பல பத்தாண்டுகளாக நிகழும் வெப்ப மாற்றங்கள் குளிர் கடல் உயிர்களை எப்படிப் பாதிக்கின்றன என்பதைச் சென்ற பொதுக்குழு ஆண்டின் பாடப்பொருளாகத் தேர்ந்தெடுத்தபோது, அரபிக்கடலை வாசலில் வைத்துக்கொண்டு அலாஸ்காவைப் பற்றிப் பேசுவானேன் என்று முணுமுணுத்தவர்கள் பலர். அவர்களில் நானும் உண்டு. பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டு ஒன்பது நடத்தினோம். ஜூலைக் கூட்டம் ஹார்பர் லைன் ரயில் நின்றதால் நடக்கவில்லை. மற்ற இரண்டும் நடக்காததற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. அறையை முன்பதிவு செய்ய நான் மறந்ததே காரணம். அதற்காக வருந்துகிறேன்.

முதல் கூட்டத்தில் குளிர் கடலுக்குத் தனிக்கவனம் எதற்கு என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டோம். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். குளிர்காலப் புயல்கள் ஆழத்து உரச்சத்தைக் கிளறி மேலே கொண்டுவரும். வசந்தத்தில் வெயில் பட்டதும் மிதவைப் பாசிகள் சில வாரங்களில் பெருகிவிடும். அந்தச் சில வாரங்களில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அங்குள்ள உயிர்கள் ஆண்டு முழுவதையும் ஓட்டுகின்றன. நம்மில் பலர் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய காட் மீன் எண்ணெயும் அந்தக் கொழுப்புதான். ஆகவே அங்கே இரண்டு டிகிரி வெப்பம் ஏறினால், இரை குறைவதோடு இரை கிடைக்கும் நாளும் தவறிப்போகிறது.

இதற்குச் சான்று கேட்ட உறுப்பினர்களுக்காக, கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிற்றுயிர்களான மிதவையுயிர்களைப் பதிவுசெய்யும் கருவியைப் பற்றி உரையாற்றினார். இவ்வாண்டின் சிறந்த உரை அதுவே என்பது என் கருத்து. அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய அறிவியலாளர் வடிவமைத்த இந்தப் பெட்டியைச் சாதாரணச் சரக்குக் கப்பல்கள் தம் வழக்கமான பாதையில் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றன; உள்ளே மெல்ல நகரும் பட்டுத் துணி, நீரிலுள்ள மிதவையுயிர்களை வடித்துச் சுருட்டிக்கொள்கிறது. (பட்டு என்றதும் பின்வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.) 1931இல் தொடங்கிய இந்தப் பதிவு இன்றும் தொடர்கிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் 1960க்கும் 1999க்கும் இடையே வெதுவெதுப்பான நீரை விரும்பும் மிதவையுயிர்கள் ஏறத்தாழ பத்து அட்சரேகைப் பாகை வடக்கே நகர்ந்துவிட்டன என்று அதன் வழியே தெரியவந்தது. தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் உள்ள தொலைவு ஏறக்குறைய அதுதான். நாம் ஒரு தலைமுறையில் வயிற்றுப்பாட்டுக்காக வடக்கே வந்த தூரத்தை அவையும் வந்திருக்கின்றன என்று உரையாளர் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் அரிசி நொய் அளவே உள்ள, கொழுப்பு மிகுந்த காலனஸ் ஃபின்மார்க்கிகஸ் என்னும் மிதவையுயிர் வசந்தத்தில் பெருகும். காட் குஞ்சுகள் அதை நம்பியே பொரிக்கின்றன. அதன் இடத்தைப் பிடித்த தெற்கத்தி உறவினமோ இலையுதிர்காலத்தில்தான் உச்சம் அடைகிறது. பந்தி தொடங்க வெகுநேரம் முன்பே வந்து பசியோடு காத்திருக்கும் விருந்தினர் நிலைதான் காட் குஞ்சுகளுக்கு.

அடுத்த இரண்டு கூட்டங்களும் சர்ச்சையிலேயே கழிந்தன. கடல் தானாகவே சூடேறியும் ஆறியும் மாறுவது இயற்கை, அதற்குப் புவி வெப்பமாதலை ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒரு சாரார் வாதிட்டனர். அவர்கள் காட்டிய சான்று வலுவானது. வட பசிபிக் கடல் இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலை மாறுவதை 1997இல் நேதன் மன்டுவாவும் உடன் ஆய்வாளர்களும் விவரித்து, அதற்குப் பசிபிக் பத்தாண்டு அலைவு என்று பெயரிட்டனர். அலாஸ்காவில் சால்மன் பெருகும் காலத்தில் வாஷிங்டன், ஓரிகன் கரைகளில் அது குறைகிறது. நிலை மாறினால் வரவும் இடம் மாறுகிறது. 1976–77இல் அலாஸ்கா வளைகுடா சூடான நிலைக்குத் திரும்பியபின், சிறுகண்ணி வலைகளில் எடுத்த மாதிரிகளில் இறால் அருகி, காட், பொல்லாக், தட்டை மீன்கள் நிறைந்தன. அப்போது யாரும் கடல் அழிந்தது என்று சொல்லவில்லை. இறால்காரர் நொடித்தார், காட்காரர் செழித்தார்.

இந்த வாதத்துக்கு விடை சொன்னவர் தாதரில் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர். கடல் ஏற்றம் மட்டும் இருந்தால் ஹிந்துமாதா சந்தி முழுகாது, மழை மட்டும் பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், இரண்டும் ஒரே மணியில் சேர்ந்தால்தான் கடைக்குள் தண்ணீர் வரும் என்றார் அவர். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலைத்திருந்த வெப்ப அலையும் அப்படிப்பட்டதே. காற்றழுத்தத்தின் இயல்பான விளையாட்டு அதைத் தொடங்கிவைத்தது. புவியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்வாங்கியிருந்த கடல், முன்பே உயர்ந்த மட்டத்திலிருந்து அதை எதிர்கொண்டது. சர்ச்சை இத்துடன் ஓய்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஓயவில்லை என்று இரு உறுப்பினர்கள் எழுத்து மூலம் தெரிவித்திருப்பதையும் பதிவு செய்கிறேன்.

காரணத்தைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இரண்டு காட் மீன்களின் கதை காட்டியது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1968இல் எட்டு லட்சம் டன் வரை பிடிக்கப்பட்ட வடகாட், 1992 ஜூலையில் மீன்பிடித் தடை விதிக்கும் அளவுக்கு வற்றிப்போனது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். முதற்குற்றவாளி வலைதான். ஆனால் அதே ஆண்டுகளில் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததும், இரையான கேப்லின் மீன் சரிந்ததும் மீட்சியைத் தாமதப்படுத்தின. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் தடைக்கே சந்தையில் விலை ஏறுவதைப் பார்க்கும் நமக்கு, 2024 ஜூனில்தான் அங்கே தடை நீக்க அறிவிப்பு வந்தது, அதாவது 32 ஆண்டுகள், என்பது எளிதில் மனத்தில் ஏறவில்லை. அலாஸ்கா வளைகுடாவின் காட் வேறு இனம், வேறு கதை. அங்கே பிடிப்புக்குக் கட்டுப்பாடு இருந்தும், வெப்ப அலையில் மீனின் உணவுத் தேவை கூடி இரை குறைந்தது. 2020இல் அங்கே அமெரிக்கக் கூட்டரசின் நீர்ப்பரப்பில் காட் பிடிப்பு மூடப்பட்டது.

அக்டோபர் கூட்டம் பனி நண்டுக்கு ஒதுக்கப்பட்டது. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலில் குளிர்காலக் கடற்பனி உருகிக் கடலடித் தரையில் 2 டிகிரிக்கும் குறைந்த குளிர்நீர்ப் பரப்பாகத் தங்கும். இளநண்டுகளுக்கு அதுவே கோட்டைச் சுவர், ஏனெனில் காட் மீன் அந்தக் குளிரில் நுழையத் தயங்கும். 2018, 2019இல் பனி மிகக் குறைந்து சுவர் இல்லாமற்போனது. அதன்பின் 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் கணக்கில் காணவில்லை. 2022இல் வரலாற்றில் முதன்முறையாக அந்த நண்டு பிடிக்கும் பருவம் ரத்தானது. வடக்கே நகர்ந்திருக்கும், வலையில் போயிருக்கும், காட் தின்றிருக்கும் என்று பல ஊகங்கள் எழுந்தன. 2023இல் வெளியான ஆய்வு முதன்மைக் காரணமாகச் சொன்னது பட்டினியை. அந்த வெப்பம் நண்டைக் கொல்லும் அளவன்று. 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் நண்டின் உணவுத் தேவை ஏறக்குறைய இரட்டிக்கிறது. அப்போது நண்டுகளின் எண்ணிக்கையும் மிக அதிகமாக இருந்ததால், இருந்த இரை எல்லாவற்றுக்கும் போதவில்லை. ரேஷன் வரிசையில் ஆளும் கூடி ஆளுக்கு வேண்டிய அளவும் கூடினால் என்ன ஆகும் என்று ஓர் அம்மையார் கேட்டது இதைவிடத் தெளிவாக இருந்தது. நாம் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில் மிகச் சிறிய அளவு வரம்போடு நண்டுப் பருவம் மறுபடி திறக்கப்பட்டது.

ஜனவரியில், அப்போதுதான் வெளியாகியிருந்த ஆய்வொன்றை வாசித்தோம். முன்சொன்ன வெப்ப அலையின்போது மர் என்னும் கடற்பறவைகள் சுமார் 62,000 கரையில் செத்து ஒதுங்கின. இறந்தவை மொத்தம் 40 லட்சம், அலாஸ்காவில் இருந்தவற்றில் ஏறத்தாழ பாதி, என்று இப்போது மதிப்பிட்டுள்ளனர். வெப்பம் தணிந்து ஆண்டுகள் பல ஆகியும் பறவைகளின் எண்ணிக்கை பழைய அளவை எட்டவில்லை. அலைவு என்றால் திரும்பி வரும் என்று வாதிட்ட உறுப்பினர் அன்று வெகுநேரம் குறிப்பெடுத்தார்.

தென்முனைக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது. அண்டார்டிகாவில் பாரதி, மைத்ரி ஆய்வு நிலையங்கள் நம் நாட்டுக்கு இருப்பதால் பலர் ஆர்வத்தோடு வந்தனர். கடற்பனியின் அடிப்புறப் பாசியைத் தின்று வளரும், இறால் போன்ற கிரில்லின் குஞ்சுகளையும், 2022இல் கடற்பனி முன்கூட்டியே உடைந்ததால் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரத்தின் ஐந்து பேரரசப் பெங்குவின் குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் பிழைக்காததையும் பேசினோம். மின்சாரம் போய்விட்டதால் படங்கள் காட்ட இயலவில்லை.

வரும் ஆண்டில் நம் கரைச் சாளை மீனை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டும். சுவரில் மாட்டும் பெரிங் கடல் வரைபடத்தை அக்டோபர் கூட்டத்துக்குப் பின் எடுத்துச் சென்றவர் திருப்பித் தந்தால் நன்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்
மும்பை